மூட்டைக் கட்டி என்றார்கள்

போன வாரம் சோள லாரி கவிழ்ந்ததைச் சொன்னேன். இந்த வாரம் என் கழுத்து.

பெரம்பலூரில் நான் வேலை பார்க்கும் மக்காச்சோள மண்டியில் ஒரு எடை மேடை இருக்கிறது. மூட்டை நிறுப்பதற்கு. லாரி வராத நேரத்தில் லோடுமேன்கள் நாங்கள் அதில் ஏறி நின்று பார்ப்போம். விளையாட்டுதான். எவன் கனம், எவன் சொத்தை என்று பேச்சு ஓடும்.

கொரோனா முடிந்து இரண்டாவது சோள அறுப்பு. மாசி மாதமாக இருக்கும். தங்கராசு ஏறினான், இறங்கினான். நான் ஏறினேன். அவன் நம்பரைப் பார்த்தான்.

"டேய் முருகேசா, பத்துக் கிலோ காணோம்டா."

"மெஷின் கோளாறு."

"மெஷினு எனக்கு மட்டும் சரியாக் காட்டுது? எவனுக்குடா வித்த?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே கை கழுத்துக்குப் போனது.

வலது பக்கம், காதுக்குக் கீழே, தோளை ஒட்டி ஒரு கட்டி. அன்றைக்கு வந்தது இல்லை. தீபாவளிக்கு முன்பா பின்பா, ஞாபகம் இல்லை. வலி கிடையாது. வலிக்காத எதையும் நாங்கள் சட்டை செய்வதில்லை.

பின்கழுத்து மேடு

மூட்டை தூக்குகிறவனுக்குக் கழுத்தில் கட்டி இருப்பது புதுசு இல்லை. மூட்டை உட்கார்ந்து உட்கார்ந்து பின்கழுத்தில் தோல் தடிக்கும். உள்ளே சதை மேடு கட்டும். அதற்கு எங்கள் செட்டில் மூட்டைக் கட்டி என்று பெயர். அது இல்லாதவன் ஆள் இல்லை.

வேலை கேட்டு எவனாவது வந்தால் எங்கள் மேஸ்திரி ஊர் கேட்க மாட்டார், பேர் கேட்க மாட்டார். "குனி" என்பார். பின்கழுத்தைத் தடவுவார். மேடு இருந்தால் வேலை.

நான் முதலில் வந்தபோது எனக்கு இல்லை.

"பஞ்சாட்டம் இருக்கு. ஜவுளிக்கடையில போயி நில்லு, சேலையைப் பிரிச்சுப் போடு" என்றார்.

நான் போகவில்லை. அன்று சாயங்காலம் வரை வெளியே நின்றேன். ஆள் குறைந்தது, கூப்பிட்டார். இரண்டு வருடம் கழித்து ஒருநாள் டீ குடிக்கும்போது பின்னால் வந்து தடவிப் பார்த்தார். "ம்" என்றார். அவ்வளவுதான். எனக்குக் கல்யாணத்தன்று கூட அத்தனை சந்தோஷம் இல்லை. பூங்கொடி இதைப் படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

அதனால் பக்கவாட்டில் வந்த கட்டியையும், எடை பார்ப்பதற்கு முன்பே, மேஸ்திரியிடம்தான் காட்டியிருந்தேன். டாக்டரிடம் போகவேண்டும் என்று தோன்றவே இல்லை. அவர் கட்டை விரலால் அமுக்கினார்.

"மூட்டைக் கட்டிதான். எடம் தள்ளி வந்திருக்கு. தோள மாத்தித் தூக்கு."

இடது தோளுக்கு மாற்றினேன். அறுப்பு முழுக்க இடது தோள். பழக்கம் இல்லாத தோள், ராத்திரியில் கடுத்தது. கட்டி குறையவில்லை. அதை ஒட்டி இன்னொன்று சின்னதாக வந்தது. அந்த இடத்தில் மூட்டை படவே படாது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

சாயங்காலம் ஆனால் லேசாக உடம்பு சுடும். சோளத் தூசி என்று நினைத்தேன். சோளத் தூசிக்கு உடம்பு அரிக்கும், சுடாது. விடிந்தால் பனியன் நனைந்து கிடக்கும். புழுக்கம் என்று நினைத்தேன். மாசியில் ஏது புழுக்கம்? எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கையில் இருந்தது.

நெறி

எடை பார்த்த அந்த வாரம் சனிக்கிழமை பூங்கொடி எனக்கு எண்ணெய் தேய்த்தாள். கை கழுத்தில் நின்றது.

"இது என்னங்க?"

"மூட்டைக் கட்டி."

"மூட்டைய காதுலயா தூக்குறீங்க?"

அவள் விரலால் உருட்டினாள். அது உருண்டது. "நெறி கட்டியிருக்கு" என்றாள்.

நெறி தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். காலில் முள் குத்திப் புண்ணானால் தொடையிடுக்கில் நெறி கட்டும். புண் ஆறினால் நெறி அமுங்கும். கழுத்தில் நெறி என்றால் மேலே எங்கேயோ புண் இருக்கவேண்டும். பூங்கொடி என் தலையைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். சிரங்கு இல்லை. காதுக்குள் பார்த்தாள். சீழ் இல்லை. வாயைத் திறக்கச் சொன்னாள்.

"இந்தா, கடவாயில சொத்த. இதான்."

கிராம்பு வைத்தாள். உப்புத் தண்ணீர் கொப்பளிக்கச் சொன்னாள். பிறகு டவுனில் ஒரு டாக்டரிடம் போனேன். அவரும் பல்லைப் பார்த்துவிட்டு மாத்திரை கொடுத்தார். பல் வலி போனது. கட்டி அப்படியே இருந்தது. மறுபடி போனேன்.

அவர் இந்த முறை பல்லைப் பார்க்கவில்லை. "பல்லால வந்த நெறின்னா இந்நேரம் சுருங்கியிருக்கணும். இது வேற. அரியலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஊசி குத்தி எடுத்து டெஸ்ட் பண்ணுவாங்க" என்றார்.

வீட்டில் வந்து சொன்னேன். பூங்கொடி சோறு போட்டுக்கொண்டிருந்தாள். கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டாள்.

"ஊசியா? வேணாம்."

"டெஸ்ட்டுக்குத்தான்."

"ரவிக்கும் டெஸ்ட்டுக்குத்தான்."

ரவி

ரவி பூங்கொடியின் தம்பி. திருமானூர் பக்கம், கொள்ளிடக் கரையில் ஊர். கரும்பு டிராக்டர் ஓட்டினான். எந்நேரமும் கன்னத்தில் புகையிலை அதக்கியிருப்பான். பேசினால் பாதிதான் புரியும். துப்பிவிட்டுப் பேசுடா என்றால், "மாமா, துப்புற அளவுக்கு நீங்க முக்கியமா ஒண்ணும் கேக்கல" என்பான்.

அவனுக்குத் தாடைக்கு அடியில் கட்டி வந்தது. பாக்கு அளவு. பூங்கொடிதான் அக்கா, அவள்தான் முதலில் ஓடினாள். பச்சிலை அரைத்துப் பத்துப் போடும் ஆள் ஒருத்தரிடம் கூட்டிப் போனாள். ஆஸ்பத்திரி போனால் அறுத்துவிடுவார்கள் என்று பயம். மழைக்காலம் முழுக்கப் பத்து. கட்டி எலுமிச்சங்காய் ஆனது. கல் மாதிரி ஆனது. அசைத்தால் அசையாது.

பொங்கல் கழிந்து ரவியின் பெண்சாதி சாந்தி பொறுக்கவில்லை. யாரையும் கேட்காமல் அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். ஊசி குத்திப் பார்க்கலாமா என்று கேட்டார்கள். குத்துங்கள் என்றாள். புற்று என்று வந்தது. கன்னத்திலிருந்து இறங்கியது. அதற்கப்புறம் ரவி ரொம்ப நாள் இல்லை.

சாவு வீட்டில் அத்தனை பேர் மத்தியில் பூங்கொடி சாந்தியைப் பார்த்துச் சொன்னாள். "சும்மா இருந்த கட்டிய குத்த வெச்சுப் பரப்பி விட்டுட்டா. என் தம்பிய இவதான் கொன்னா."

சாந்தி ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. நல்லது கெட்டது எதற்கும் போவதில்லை. சாந்தி தையல் மெஷின் போட்டுப் பிழைக்கிறாள் என்று யாராவது சொன்னால் பூங்கொடி எழுந்து உள்ளே போய்விடுவாள்.

என் கட்டிக்கு ஊசி என்றபோது பூங்கொடி வந்து நின்றது இந்த இடத்தில்தான்.

"நான் போறேன்" என்றேன்.

"போங்க. நானும் வரேன். பாக்கட்டும், படம் எடுக்கட்டும். குத்த விட மாட்டேன்."

வாயைத் திற என்றார்

அரியலூரில் பார்த்தது ஒரு அம்மா டாக்டர். சின்ன வயது. குரல் பெரிசு.

எடுத்ததும் கட்டியைத் தொடவில்லை. கேள்விதான். எவ்வளவு நாளாக? வலிக்கிறதா? சீக்கிரம் பெரிதானதா? இருமல்? குரல் மாறியதா? சோறு விழுங்கச் சிரமமா? காய்ச்சல்? இளைத்தீர்களா? வீட்டில் யாருக்காவது டி.பி.?

"வெத்தல பாக்கு?"

"வெத்தல மட்டும்."

"பொயலயும் போடுவாரு டாக்டர்" என்றாள் பூங்கொடி. "கேட்டா இல்லம்பாரு."

"நீங்க கூட வந்தது நல்லதாப் போச்சு" என்றார் டாக்டர்.

என் பின்னால் வந்து நின்று இரண்டு கையாலும் கழுத்து முழுக்கத் தடவினார். தாடை அடி, காதுக்குப் பின்னால், காறை எலும்புக்கு மேல். தண்ணீர் கொடுத்து முழுங்கச் சொன்னார். தைராய்டுக் கட்டி என்றால் முழுங்கும்போது கூடவே ஏறி இறங்குமாம். என்னுடையது ஏறவில்லை. அக்குளைப் பார்த்தார். பின்கழுத்து மேட்டைத் தொட்டுவிட்டு, "இது?" என்றார்.

"அது வேலைக் கட்டிங்க."

"அது இருந்துட்டுப் போகட்டும்."

வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தார். உறை போட்ட விரலால் நாக்குக்கு அடியிலும் கன்னத்திலும் அழுத்திப் பார்த்தார். கழுத்துக் கட்டிக்கு எதற்கு வாய் என்று கேட்டேன்.

"நெறி தெரியும்ல? கால்ல புண்ணுன்னா தொடையில கட்டுற மாதிரி, வாயில, தொண்டையில எது இருந்தாலும் கழுத்துலதான் காட்டும். சளி, பல்லுன்னா ரெண்டு மூணு வாரத்துல அமுங்கிடும். அமுங்கலன்னா சும்மா உடக்கூடாது. வெறும் கொழுப்புக் கட்டியா இருக்கலாம். டி.பி.யா இருக்கலாம். ரத்தத்துல வர்ற நோயா இருக்கலாம். புத்தாவும் இருக்கலாம். உங்க வயசுக்கு, நீங்க போடுற பொயலைக்கு, நான் எல்லாத்தையும் பாத்தாகணும்."

புற்று என்ற சொல்லை அவர் மற்ற சொல்லைப் போலவே சொன்னார். எனக்கு அது பிடித்திருந்தது.

ரத்தம் எடுத்தார்கள். நெஞ்சைப் படம் எடுத்தார்கள். கழுத்தில் குளிர்ந்த பசை தடவி ஸ்கேன் பார்த்தார்கள். தொண்டை டாக்டர் ஒருத்தர் மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு உள்ளே பார்த்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. தொண்டையில் ஒன்றும் இல்லை என்றார். எல்லாவற்றுக்கும் பூங்கொடி வாசலில் நின்றாள்.

திரும்பவும் அம்மா டாக்டரிடம் வந்தோம்.

"இனி ஊசிதான்" என்றார்.

குத்துங்க

"வேணாம் டாக்டர்" என்றாள் பூங்கொடி. "குத்துனா பரவிடும்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. என் தம்பிக்குப் பாத்தேன்."

வெளியே வரிசை நின்றது. டாக்டர் அவசரப்படவில்லை. உட்காரச் சொன்னார்.

"தம்பிக்குக் கட்டி எங்க இருந்துச்சு?"

பூங்கொடி தன் தாடைக்கு அடியில் தொட்டுக் காட்டினாள்.

"ஊசி போடறதுக்கு முன்னாடி எவ்வளவு நாள் இருந்துச்சு?"

"மழைக்கு முன்னாடி வந்துச்சு. பொங்கலுக்கு அப்புறம்தான் ஊசி."

"ஊசி போடுறப்பவே கல்லாட்டம் இருந்துச்சா?"

"ம்."

"அசைஞ்சுச்சா?"

"இல்ல."

டாக்டர் பேனாவை மேசையில் வைத்தார். பிறகு சொன்னார். "அம்மா, இந்த ஊசி கட்டிய வளக்காது. உள்ள என்ன இருக்குன்னு சொல்லும். அவ்வளவுதான் அதால முடியும்."

"அப்ப முன்னாடியே வந்திருந்தா?"

"அத நான் இப்ப சொல்ல முடியாதும்மா. அவர நான் பாக்கல."

நான் பூங்கொடியைப் பார்த்தேன். அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடம் அவள் ஊசியை ஏன் அப்படிப் பிடித்துத் தொங்கினாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஊசி குற்றம் செய்யவில்லை என்றால், குற்றம் வேறு இடத்துக்குப் போகவேண்டும். போவதற்கு ஒரே இடம்தான் இருந்தது.

அவள் எழுந்தாள்.

"குத்துங்க" என்றாள். வெளியே போய்விட்டாள்.

என்னைப் படுக்க வைத்துத் தோளுக்கு அடியில் தலையணை வைத்தார்கள். ஸ்பிரிட் தடவினார்கள். எச்சில் முழுங்காதே என்றார்கள். முழுங்காதே என்றால்தான் எச்சில் ஊறும். சின்ன ஊசி. காய்ச்சலுக்குப் போடுகிற ஊசியை விடச் சின்னது. கட்டெறும்பு கடித்தது போல ஒரு சுருக்கு. உள்ளே கொஞ்சம் ஆட்டினார்கள். எடுத்ததைக் கண்ணாடித் தகட்டில் தடவினார்கள். கொஞ்சம் சின்னப் புட்டியிலும் விட்டார்கள், அது டி.பி. பார்க்க என்றார்கள். பஞ்சை வைத்து அழுத்திக்கொள் என்றார்கள். முடிந்துவிட்டது.

இதற்கா ஒரு குடும்பம் பேச்சை விட்டது என்று நினைத்தேன். வெளியே வந்து பூங்கொடியிடம் சொல்லவில்லை.

ஒரு வாரம்

முடிவு வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். பூங்கொடி சமைத்தாள், ஆடு மேய்த்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். கேட்காததற்குப் பேசவில்லை. எங்கள் வீட்டில் பேசாதவன் நான். அந்த வாரம் நான்தான் பேசவேண்டி வந்தது. பேச வரவில்லை.

சின்னத் தலைவலி என்றாலும் கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு வேண்டிக்கொள்கிறவள். அந்த வாரம் எதையும் வேண்டவில்லை. கட்டியை விட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நான் மண்டிக்குப் போனேன். மூட்டை தூக்கவில்லை, சாக்கு தைத்தேன். தங்கராசு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"என்னடா சொன்னாங்க?"

"இன்னும் சொல்லல."

"ஒண்ணும் இருக்காது. இருந்தாலும் நீ சாவ மாட்ட. எனக்குத் தர வேண்டிய பீடி நெறைய இருக்கு."

புற்று என்றால் என்ன செய்வது என்று யோசித்துப் பார்த்தேன். மூட்டை தூக்க முடியாது. வேறு வேலை தெரியாது. பையன் திருப்பூரில் இருக்கிறான், பூங்கொடி அங்கே போவாள். யோசனை அதோடு நின்றது. அதற்கு மேல் யோசிக்க எனக்குப் படிப்பு பத்தாது.

திருமானூர் பஸ்

"டி.பி. கட்டி" என்றார் டாக்டர். "புத்து இல்ல."

அந்தக் காலத்தில் கண்டமாலை என்று சொல்வார்களே, அதுதானாம். ஆறு மாதம் மாத்திரை. ஒரு நாள் கூட விடக்கூடாது. ஒரு மாதத்தில் தெம்பு வந்ததும் நிறுத்திவிடுகிறவர்கள்தான் திரும்ப வருகிறார்கள் என்றார். நெஞ்சுப் படம் சுத்தமாக இருக்கிறது, கழுத்துக் கட்டி மட்டும் என்றால் அடுத்தவருக்கு ஒட்டாது, வீட்டில் இருப்பவர்களையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்றார். மாத்திரைக்குச் சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்படாதீர்கள் என்றார்.

பொயலையை விடச் சொன்னார். "இது அதால வரல. அடுத்தது அதால வரும்" என்றார்.

பூங்கொடி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை.

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் பெரம்பலூர் பஸ் நின்றது. நான் ஏறப் போனேன். திரும்பிப் பார்த்தால் அவள் இல்லை. எதிரே திருமானூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். நானும் போய் ஏறினேன். எங்கே என்று கேட்கவில்லை.

சாந்தி வீட்டுத் தையல் மெஷின் சத்தம் வாசலிலேயே கேட்டது. நாங்கள் நுழைந்ததும் நின்றது.

"வாங்கண்ணே" என்றாள் என்னை. பூங்கொடியைப் பார்த்தாள். நாற்காலியில் கிடந்த துணியை எடுத்து இடம் செய்தாள்.

பூங்கொடி உட்காரவில்லை.

"இவருக்குக் கழுத்துல கட்டி. ஊசி குத்துனாங்க."

சாந்தி சட்டென்று என் கழுத்தைப் பார்த்தாள். "என்னவாம்?"

"டி.பி.யாம். மாத்திரையில சரியாயிடுமாம்."

"நல்லதாப் போச்சு."

பிறகு பூங்கொடி சொன்னாள். "ஊசி ஒண்ணும் பண்ணல சாந்தி. பத்துப் போட்டுப் போட்டு நாந்தான் நாளக் கடத்திட்டேன்."

சாந்தி மெஷினில் நின்ற துணியிலிருந்து நூலைக் கடித்து அறுத்தாள்.

"தெரியும் அண்ணி. அன்னைக்கே டாக்டர் சொல்லிட்டாரு. அவருக்கும் தெரியும்."

"ரவிக்கா?"

"ம்."

"அப்ப ஏன்டி சொல்லல? அத்தன பேரு மத்தியில அப்படிப் பேசினேனே. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"அவருதான் வேணாம்னாரு. 'அக்கா தாங்காது. எப்படியும் யாரையாவது திட்டும். நீயே வாங்கிக்க'ன்னாரு. வாங்கிக்கிட்டேன்."

பூங்கொடி அப்போதுதான் உட்கார்ந்தாள். நாற்காலியில் இல்லை, தரையில், துணி வெட்டிப் போட்டிருந்த இடத்தில். நான் வெளியே வந்து நின்றுகொண்டேன். என் வேலை அங்கே ஒன்றும் இல்லை.

மாத்திரை ஆறு மாதமும் விடாமல் சாப்பிட்டேன். பெரிய கட்டி கரைந்து சுண்டைக்காய் ஆகி, பிறகு அதுவும் போனது. திரும்பவும் மூட்டை தூக்குகிறேன். பொயலையை விட்டுவிட்டேன். பாதி நாள் விட்டுவிட்டேன் என்பதுதான் உண்மை, பூங்கொடி பக்கத்தில் நின்று இதைப் படிக்கச் சொல்லிக் கேட்கிறாள்.

இப்போது அவளுடைய ரவிக்கை எல்லாம் சாந்திதான் தைக்கிறாள். கை இறுக்கம், அளவு சரியில்லை என்று இவள் ஒவ்வொரு தடவையும் போனில் திட்டுவாள்.

சாந்தி இப்போது திருப்பித் திட்டுகிறாள்.